கரைசேர்த்த கிளப் கரைந்த கதை

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கடற்கரைப் பையன்களைப் பந்து வழியாக பாங்க் வேலைக்கு அழைத்துச் சென்றது எஸ்.பி.டி. அணி. எந்த மேட்சிலும் தோற்றதால் அது மறையவில்லை.

ஏப்ரல் 1, 2018. ஈஸ்டர் ஞாயிறு. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் சந்தோஷ் கோப்பையின் இறுதி ஆட்டம். கூடுதல் நேரமும் முடிந்து மேற்கு வங்கமும் கேரளமும் 2-2 என்று நிற்கின்றன. பெனால்டியில் வங்கத்தின் முதல் இரு உதைகளையும் கேரள கோல்கீப்பர் மிதுன் தடுத்துவிட்டார். கேரளத்தின் நான்காவது உதைக்கு வருகிறார் எஸ். சீசன். பந்து வலைக்குள். ஸ்கோர் 4-2. 2004-05க்குப் பிறகு கோப்பை மீண்டும் கேரளத்துக்கு.

அந்த உதையை அடித்தவரின் ஊர் பொழியூர். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்குக் கோடியில், நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருக்கும் மீனவ கிராமம். அதைத் தாண்டி நடந்தால் நீரோடி. அது தமிழ்நாடு.

சீசன், மிதுன், கேப்டன் ராகுல் வி. ராஜ் மூவரும் ஒரே பாங்க்கின் ஆட்டக்காரர்கள். அன்று அவர்கள் பெயருக்கு எதிரே போட்டிருந்தது ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியா. சரியாக ஓராண்டுக்கு முன்பு வரை அங்கே வேறு பெயர் இருந்தது: ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர். சுருக்கமாக எஸ்.பி.டி. 2017 ஏப்ரல் 1-ம் தேதி அந்த பாங்க் எஸ்.பி.ஐ.யோடு இணைக்கப்பட்டது. அதோடு கேரளக் கால்பந்தில் பல ஆண்டுகள் ஒலித்த ஒரு பெயரும் முடிந்துபோனது. தங்கள் அணியின் முதல் நினைவுநாளில்தான் அதன் பிள்ளைகள் மாநிலத்துக்குக் கோப்பை வாங்கித் தந்தார்கள்.

ஒரு கிளப் மறைவது புதிய செய்தியல்ல. ஸ்பான்சர் விலகுவார், முதலாளி கைவிரிப்பார், அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கும், பிறகு காணாமல் போகும். எஸ்.பி.டி.யின் கதை வேறு. அது மறைந்தபோது சில கடலோர ஊர்கள் இழந்தது ஒரு அணியை மட்டுமல்ல, ஏறி வந்த ஏணியை.

எல்லைக்கல்லும் கோல் கம்பமும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் ரயிலில் கேரளத்தின் முதல் ஸ்டேஷன் பாறசாலை. சாலை வழியே போனால் களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது. அங்கிருந்து மேற்கே கடலை நோக்கி இறங்கினால் கொல்லங்கோடு, பிறகு கடற்கரை. தெற்கே நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று தமிழ்நாட்டு ஊர்கள். வடக்கே பொழியூரும், நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறும்.

1956 நவம்பர் 1-ம் தேதிக்கு முன் இதெல்லாம் ஒரே ராஜ்யம். திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்று சென்னை மாகாணத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு விழுந்த இடத்தின் இரு பக்கமும் அதே லத்தீன் கத்தோலிக்க ஆலயங்கள், அதே வள்ளங்கள், அதே சுறா மீன். பேச்சில் தமிழும் மலையாளமும் எங்கே பிரிகின்றன என்பது வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது.

பந்தும் அப்படித்தான். கடலுக்குப் போய் வந்த மாலைகளில் மணலில் வெறுங்காலோடு ஆட்டம். மணலில் ஓடிப் பழகிய காலுக்குப் புல்தரை லேசாகத் தெரியும். திருவிழாக் காலங்களில் ஊருக்கு ஊர் டோர்னமென்ட். ஒரு ஊரின் பெயர் சொல்லி இன்னொரு ஊர் சவால் விடும். கோட்டுக்கு வடக்கே இருக்கும் பொழியூர் சந்தோஷ் கோப்பை கிராமம் என்று பெயரெடுத்தது. தெற்கே தூத்தூர் பகுதி தமிழ்நாட்டு அணிக்கு ஆள் அனுப்பும் ஊர்களாயின.

ஆனால் பந்து ஆடுகிறவனிடம் வீட்டில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இதை வைத்து என்ன செய்யப் போகிறாய்? பதினெட்டு வயதில் ஒரு மீனவர் வீட்டுப் பையன் கடலுக்குப் போயாக வேண்டும், அல்லது வளைகுடாவுக்குப் போயாக வேண்டும். இரண்டும் வேண்டாம் என்றால் மூன்றாவதாகச் சொல்ல ஒரு பதில் வேண்டும். அந்தப் பதில்தான் எஸ்.பி.டி.

அலுவலகம் வளர்த்த ஆட்டம்

எஸ்.பி.டி. பிறந்தது 1945-ல், திருவாங்கூர் பாங்க் லிமிடெட் என்ற பெயரில், சமஸ்தான அரசின் ஆதரவோடு. 1960-ல் ஸ்டேட் பாங்க்கின் துணை பாங்க் ஆகிப் பெயர் மாறியது. தலைமையகம் திருவனந்தபுரத்தில் பூஜப்புரை. சமஸ்தானம் போனபின்னும் அதன் பழைய எல்லை பாங்க்கின் கிளைகளில் தொடர்ந்தது. கேரளம் முழுக்கப் பரவியிருந்த அந்த பாங்க்குக்கு நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பழைய வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டுக்கு வந்துவிட்ட குமரிக்காரர்களுக்கும் அது 'நம்ம பாங்க்'.

கேரளக் கால்பந்தை நெடுங்காலம் தாங்கியவை தொழிற்சாலைகளும் அலுவலகங்களும்தான். களமசேரி பிரீமியர் டயர்ஸ், ஆலுவா ஃபேக்ட், குண்டறை அலிண்ட், திருவனந்தபுரம் டைட்டானியம் ஆகியவை மாநிலத்தையே ஆட்டிவைத்த பெயர்கள். கேரளம் முதல்முதலாக சந்தோஷ் கோப்பையை வென்ற 1973-ல், எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என்று வீழ்த்திய இறுதி ஆட்டத்தில் மூன்று கோல்களையும் அடித்த கேப்டன் மணி, ஃபேக்ட் ஊழியர். பின்னால் கேரள போலீஸ் 1990, 1991 என்று அடுத்தடுத்து இரு முறை ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. அதன் நட்சத்திரமான வி.பி. சத்யன் பிற்பாடு சென்னைக்கு வந்து சேர்ந்ததும் ஒரு பாங்க்கில்தான்: இந்தியன் பாங்க்.

ஏற்பாடு எளியது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கிளார்க் வேலை. காலையில் மைதானம், பிறகு கிளை. போட்டி என்றால் சிறப்பு விடுப்பு. மாதச் சம்பளம் சீராக வரும். முழங்கால் போனாலும் வேலை போகாது. முப்பத்தி மூன்று வயதில் பூட்ஸைக் கழற்றிய பின்னும் இன்னும் இருபத்தைந்து ஆண்டு சம்பளம் இருக்கிறது, பதவி உயர்வு இருக்கிறது, வீட்டுக் கடன் கிடைக்கும், பெண்ணைப் படிக்க வைக்கலாம். கோடி ரூபாய் ஒப்பந்தத்தின் பளபளப்பு இதில் இல்லை. ஆனால் அப்பா கடலுக்குப் போகும் வீட்டில் மாதம் முதல் தேதி சம்பளம் வாங்கும் முதல் ஆள் என்பதன் மதிப்பு வேறு. அவரைப் பார்த்து அடுத்த தெருப் பையன்கள் பத்து பேர் பந்தைத் தொடுவார்கள்.

பயனடைந்தவை கடலோர ஊர்கள் மட்டுமல்ல. இடுக்கி மலையிலிருந்து வந்த என்.பி. பிரதீப் பெரிய கிளப் கால்பந்தில் காலூன்றியது எஸ்.பி.டி.யில். அங்கிருந்து மும்பையின் மஹிந்திரா யுனைடெட்டுக்குப் போனார். 2007 ஆகஸ்டில் டெல்லியில் நேரு கோப்பை இறுதியில் சிரியாவை இந்தியா 1-0 என்று வென்றதே, அந்த ஒரே கோல் அவருடையது. வி.பி. ஷாஜி, ஆசிஃப் சஹீர் என்று எஸ்.பி.டி. சட்டை போட்டு மாநிலத்தின் முன்னணிக்கு வந்தவர்கள் வேறு உண்டு.

அணியும் சும்மா இருக்கவில்லை. 2004-05-ல் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், டெம்போ ஆடிய தேசிய லீக்கின் மேல் பிரிவில் எஸ்.பி.டி.யும் ஆடியது. காசை வாரியிறைத்து வெளிநாட்டவரைக் கொண்டுவந்த கிளப்களுக்கு எதிரே கவுன்ட்டரிலிருந்து எழுந்து வந்த கிளார்க்குகள். அங்கே நிலைக்க முடியவில்லை. ஆனால் உள்ளூரில் அதன் பிடி தளரவில்லை. கேரள பிரீமியர் லீக் தொடங்கியபின் இரு முறை சாம்பியன்.

மைதானத்துக்கு வெளியே விழுந்த கோல்

முடிவு எழுதப்பட்டது பாங்க்கிங் கொள்கையில். ஸ்டேட் பாங்க்கின் துணை பாங்க்குகளை அதோடு சேர்த்துவிட வேண்டும் என்பது பல ஆண்டுப் பேச்சு. சௌராஷ்டிரா 2008-லும் இந்தூர் 2010-லும் போயின. மிச்சமிருந்த ஹைதராபாத், மைசூர், பாட்டியாலா, பிக்கானீர்-ஜெய்ப்பூர், திருவாங்கூர் என்ற ஐந்தும் 2017 ஏப்ரல் 1 அன்று ஒன்றாகப் போயின. கூடவே பாரதிய மகிளா பாங்க்கும்.

கேரளம் எதிர்த்தது. 2016 ஜூலையில் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. மாநிலத்தின் சொந்த பாங்க் போய்விடும், சேமிப்பு வெளியே போகும், கிளைகள் மூடப்படும் என்பது வாதம். உலக அளவில் போட்டியிட ஒரு பெரிய பாங்க் தேவை என்பது மத்திய அரசின் பதில். இரு தரப்புக் கணக்கிலும் பந்துக்கு இடமில்லை. இருக்கவும் வாய்ப்பில்லை. ஐந்து பாங்க்குகளை இணைக்கும் கோப்பில் ஒரு கால்பந்து அணி அடிக்குறிப்பாகக்கூட வராது.

ஆட்டக்காரர்களின் வேலைக்கு ஆபத்து வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் எஸ்.பி.ஐ. ஊழியர்களானார்கள். அணி எஸ்.பி.ஐ. கேரளா என்ற பெயரில் ஆடியது. 2018 கோப்பையின் முதுகெலும்பும் அவர்கள்தான். ஆனால் திருவனந்தபுரத்தில் முடிவெடுக்கும் பாங்க்குக்கும் மும்பையில் முடிவெடுக்கும் பாங்க்குக்கும் வித்தியாசம் உண்டு. பூஜப்புரையில் உட்கார்ந்திருந்த பாங்க்குக்குக் கேரள லீக் சொந்த ஊர் விவகாரம். அங்கே ஜெயித்தால் பெயர், தோற்றால் அவமானம். இந்தியா முழுவதற்குமான பாங்க்குக்கு அது எங்கோ ஒரு மாநிலத்தின் போட்டி.

ஏணி எவ்வளவு தேவை என்பதை அந்த வெற்றியே காட்டிக்கொடுத்தது. கோப்பையோடு திரும்பிய அணிக்குக் கேரள அமைச்சரவை அறிவித்த பரிசு: ஆளுக்கு 2 லட்சம் ரூபாய், வேலை இல்லாத 11 பேருக்கு அரசு வேலை. நாட்டின் சாம்பியன்கள் இருபது பேரில் பாதிக்கு மேல் வேலையில்லாதவர்கள்! மறு ஆண்டு சீசனே கேரளத்தின் கேப்டன். நெய்வேலியில் நடந்த தகுதிச் சுற்றில் ஒரு கோல்கூட அடிக்காமல் நடப்புச் சாம்பியன் வெளியேறியது.

பணம் வந்தது, தங்கவில்லை

அலுவலக அணிகளின் காலம் போனால் போகட்டும், தொழில்முறை கிளப்கள் வரும் என்பது நியாயமான வாதம். கிளார்க் வேலையையும் கால்பந்தையும் ஒன்றாகச் செய்கிறவனால் முழுநேர ஆட்டக்காரனோடு மோத முடியாது என்பதும் உண்மை. கேரளம் இதையும் சோதித்துப் பார்த்தது.

1997-ல் கொச்சியில் எஃப்.சி. கொச்சின் தொடங்கியது. ஐ.எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி, கார்ல்டன் சாப்மன் என்று இந்தியாவின் விலையுயர்ந்த கால்களெல்லாம் ஒரே அணியில். அந்த ஆண்டே மோகன் பகானை 3-1 என்று வென்று டூரண்ட் கோப்பையைத் தூக்கியது. கேரள கிளப் ஒன்று டூரண்டை வெல்வது அதுவே முதல் முறை. 1997-98 தேசிய லீக்கில் அதிக கோல் அடித்தவர் அதன் ஆட்டக்காரரான ராமன் விஜயன், தமிழ்நாட்டுக்காரர், 10 கோல். பிறகு சம்பளம் நின்றது. 2002-ல் கிளப்பே நின்றது. 2004-ல் வந்த விவா கேரளா ஐ-லீக் வரை போய், 2011-ல் கை மாறி சிராக் யுனைடெட் கேரளா ஆகி, 2012-ல் கலைந்தது. வெளியிலும் இதே கதை. பிரதீப் போய்ச் சேர்ந்த மஹிந்திரா யுனைடெட் 2010-ல் மூடப்பட்டது, பஞ்சாபின் ஜே.சி.டி. 2011-ல்.

கோட்டுக்கு இந்தப் பக்கமும் பார்க்கலாம். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி எஃப்.சி.யில் மின்னி அங்கிருந்து ஐ.எஸ்.எல்.லுக்குப் போனார். அண்ணன் தம்பி இருவருமே அந்த அணியில் ஆடியவர்கள். மைக்கேல் ரெஜின் இருந்த சென்னை சிட்டி 2019 மார்ச்சில் கோவை நேரு மைதானத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. தமிழ்நாட்டு கிளப் ஒன்று தேசிய லீக்கை வென்றது அதுவே முதல் முறை. சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் வந்து 26 சதவீதப் பங்கை வாங்கியது. 2020-21க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. கோப்பைக்கும் மறைவுக்கும் இடையே இரண்டே ஆண்டு.

சூசைராஜ் போன்ற ஓரிருவர் மேலே போய்விடுகிறார்கள். அவர்களுக்கு ஏணி தேவையில்லை, சிறகு இருக்கிறது. கேள்வி மற்றவர்களைப் பற்றியது. மாநில அணியில் ஆடும் அளவுக்குத் திறமை உண்டு, ஐ.எஸ்.எல். ஒப்பந்தம் கிடைக்கும் அளவுக்கு இல்லை என்ற நிலையில் ஒரு ஊரில் பத்து, பதினைந்து பேர் இருப்பார்கள். எஸ்.பி.டி. அவர்களுக்கான அணி.

இரண்டுக்கும் நடுவே நின்றவரின் கதி என்ன என்பதற்கும் அதே 2017 உதாரணம் தந்தது. இந்திய அணிக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் ஆடிய சி.கே. வினீத், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த கணக்குத் தலைவர் அலுவலக வேலையை இழந்தார். காரணம், வருகைப் பதிவு போதாது. நாட்டுக்காக ஆடப் போனதால் நாற்காலியில் இல்லை! பிறகு மாநில அரசு அவருக்கு வேலை கொடுத்தது. பழைய ஏற்பாட்டில் அலுவலகமும் அணியும் ஒன்றே. அதனால் இந்தச் சிக்கலே எழாது. புதிய ஏற்பாட்டில் சம்பளம் ஒரு கதவு, ஆட்டம் ஒரு கதவு. இரண்டிலும் ஒரே நேரத்தில் நுழைய முடியாது.

குறுகும் மைதானம்

இணைப்பு நடந்த அதே 2017-ன் நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தது. திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டக் கரைகளிலிருந்து கடலுக்குப் போனவர்களில் நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. தூத்தூர் பகுதியில் துக்கம் இல்லாத ஊரே இல்லை. அதற்கு நான்கு மாதம் கழித்து கொல்கத்தாவில் விழுந்த அந்த கோலை இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் அதன் எடை தெரியும். கடலுக்குப் போகாமல் இருக்க ஒரு வழி என்பது இந்தக் கரையில் வெறும் வசதி சார்ந்த விஷயமல்ல.

இப்போது கடலும் நெருங்கி வருகிறது. பொழியூரிலும் கொல்லங்கோட்டிலும் அலை வீடுகளைத் தின்றிருக்கிறது. நீரோடிக்குப் போகும் கரையோரச் சாலையையும் விட்டுவைக்கவில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் போட்ட தூண்டில் வளைவுகளால்தான் தங்கள் கரை அரிக்கப்படுகிறது என்பது பொழியூர்க்காரர்களின் புகார். 1956-ல் காகிதத்தில் விழுந்த கோடு இப்போது கல்லாகக் கடலுக்குள் நீண்டிருக்கிறது. பந்து ஆட இடம் வேண்டும். அந்த இடம்தான் மணல்.

பழைய பாங்க் திரும்பி வரப்போவதில்லை. வர வேண்டும் என்று கேட்பதும் வீண். ஆனால் அது செய்த வேலையை யாராவது செய்தாக வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்களை ஆண்டுதோறும் நிரப்புவது, வேலை கொடுத்தவரை கிளப்பில் ஆட அனுமதிப்பது, கோப்பை வென்ற பிறகு பரிசாக வேலை தராமல் ஆடும்போதே தருவது. இவை மாநில அரசுகளால் முடியாத காரியங்களல்ல. ஒக்கிக்குப் பிறகு மாற்று வாழ்வாதாரம் பற்றிப் பேசிய அரசுகள் இரண்டு. இரண்டின் கண்ணெதிரிலும் இந்த ஊர்கள் தாங்களே கண்டுபிடித்த மாற்று ஒன்று இருந்தது.

பாங்க்கின் பெயர்ப்பலகையை மாற்ற ஒரு இரவு போதுமானதாக இருந்தது. மணலில் ஆடும் ஒரு பையனை மாநில அணி வரை கொண்டுபோகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். பொழியூரிலும் நீரோடியிலும் அவன் ஆடிக்கொண்டுதான் இருக்கிறான். வீட்டில் கேட்கும் அந்தப் பழைய கேள்விக்குத்தான் அவனிடம் இப்போது பதில் இல்லை.